பாடமும் பாட்டும்

ஜார்ஜ் டவுனில் சுங்கை பினாங்கு வட்டாரத்தை ஒட்டி ஒரு சாலை செல்கிறது. முன்னாளில் கான்டர் ஹால் சாலை என்று வழங்கப்பட்ட அச்சாலை இன்று ஜாலான் பி. ரம்லி என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே 1926ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட எளிய மரவீடு ஒன்று உள்ளது. தேசிய ஆவணக் காப்பகம் அதனைப் பழுது பார்த்து நினைவில்லமாகப் பேணி வருகிறது. மாளிகைகளுக்கும் வணிகர் மனைகளுக்கும் பேர்போன பினாங்கில், இந்தச் சிறு வீட்டைத் தேடி வருவோர் எண்ணிக்கை குறைவன்று. மலாய்த் திரையுலகின் தனிப்பெருங் கலைஞர் என்று போற்றப்படும் பி. ரம்லி பிறந்த வீடு அது.

பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்கு வரும் பெற்றோருள் தமிழரும் உண்டு. பழைய படங்களையும் இசைக்கருவிகளையும் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, பெரியவர் உள்ளத்தில் ஒரு கேள்வியும் இளையவர் உள்ளத்தில் வேறொரு கேள்வியும் எழுவது இயல்பு. “இவர் எவ்வளவு படித்தார்?” என்பது பெரியவர் கேள்வி. “இவர் என் வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்பது இளையவர் கேள்வி. இரண்டும் ஒரே வாழ்வைப் பற்றியவை. ஆயினும் ஒன்று மற்றொன்றுக்குப் பகையாகவே பல இல்லங்களில் நிறுத்தப்படுகிறது.

பள்ளி மாணவன் ஒருவன் பாட்டில் நாட்டம் கொண்டுவிட்டால், வீட்டில் எழும் வழக்கை அறியாதார் இல்லை. “பாட்டு சோறு போடுமா?” என்று தந்தை கேட்பார். “விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று பாட்டி பேரனுக்காகப் பரிந்து பேசுவார். தேர்வு நெருங்கும்போது கித்தார் அலமாரியின் மேல் ஏறிவிடும். தேர்வு முடிந்ததும் இறங்கும். இந்த வழக்கில் பி. ரம்லியின் பெயரை இரு தரப்பாரும் சாட்சிக்கு அழைப்பதுண்டு. “ரம்லி படித்தா பெரிய ஆளானார்?” என்று மகன் சொல்வான். “ரம்லி கடைசியில் என்ன நிலையில் இறந்தார் தெரியுமா?” என்று தந்தை திருப்பிக் கேட்பார். இருவர் கூற்றிலும் உண்மையின் ஒரு கூறே உள்ளது. முழு உண்மையைக் காண வேண்டுமானால், அந்தச் சிறுவனின் பள்ளி நாள்களைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும்.

1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அவன் பிறந்தான். பெற்றோர் இட்ட பெயர் தேயுக்கு ஜக்கரியா. தந்தை தேயுக்கு ஞாக் பூத்தே, சுமத்திராவின் வடமுனையில் உள்ள ஆச்சேயிலிருந்து பினாங்கு வந்து குடியேறியவர். தாய் சே மா, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் பகுதியைச் சேர்ந்தவர். செல்வக் குடும்பம் அன்று. இசையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பமும் அன்று. பிற்காலத்தில் அவன் தன் பெயருக்கு முன் இட்டுக்கொண்ட ‘பி’ என்னும் எழுத்து, தந்தையின் பெயராகிய பூத்தே என்பதன் முதல் எழுத்தாகும். தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் வைப்பது தமிழர்க்கு நன்கு பழகிய வழக்கம். ஆதலால் ‘பி. ரம்லி’ என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு அயலாக ஒலிப்பதில்லை.

வீட்டில் இசை இல்லாவிடினும் ஊரில் இசைக்குப் பஞ்சமில்லை. அக்காலப் பினாங்கு ஒரு துறைமுகம் மட்டுமன்று, பல நாட்டுப் பாட்டுகள் வந்து இறங்கிய துறையும் ஆகும். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கெரோஞ்சோங் வந்தது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சிறு தந்திக் கருவியில் வேர்விட்டு, தீவுகளின் மெல்லிய நடையில் வளர்ந்த பாட்டு அது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகத்தைப் பார்த்துப் பிறந்த பங்சாவான் மேடை நாடகம் இரவுகளை நிறைத்தது. சீனர் கோயில் விழாக்களில் கூத்து நடந்தது. தைப்பூச நாளில் நாதசுரமும் தவிலும் தண்ணீர்மலை நோக்கி நடந்தன.

இவற்றுள் போரியா என்னும் பாட்டு வடிவம் பினாங்கிற்கே உரியது. தலைவன் ஓரடியை இட்டுக்கட்டிப் பாட, குழுவினர் அதனைத் திரும்பப் பாடியவாறு ஆடி வருவர். முஹர்ரம் மாதத்தில் தெருத்தெருவாக இக்குழுக்கள் செல்வது வழக்கமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துப் படையணிகளோடு வந்த முஸ்லிம் வீரர்கள் வாயிலாகவே போரியா பினாங்கில் கால்கொண்டது என்பது மரபாக வழங்கும் செய்தி. மலாய் மொழியில் பாடப்படும் ஒரு நாட்டுப் பாட்டின் பழைய வேர் ஒன்று, சென்னைக் கரையைத் தொட்டு நிற்கிறது. பாட்டுக்குக் கடவுச்சீட்டு தேவைப்படுவதில்லை போலும்!

இந்த ஒலிகளுக்கிடையே அச்சிறுவன் பள்ளிக்குச் சென்றான். முதலில் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி. பின்னர் பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளி. அதன் பின்னர் பினாங்கு பிரீ ஸ்கூல். 1816ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரீ ஸ்கூல், இந்நாட்டின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பயின்ற பள்ளியும் அதுவே. அங்கே இடம் பெறுவது எளிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சிறிய பேறு அன்று. அரசாங்க அலுவலகம், நீதிமன்றம், துறைமுக நிருவாகம் ஆகிய எல்லாக் கதவுகளுக்கும் சாவி ஆங்கிலக் கல்வியாக இருந்த காலம் அது.

ஆயினும் ரம்லியின் மனம் பாடநூலில் பெரிதும் தங்கியதாகத் தெரியவில்லை. பந்தாட்டமும் பாட்டுமே அவனை இழுத்தன என்று அவன் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். கையில் முதலில் அகப்பட்ட கருவி யுகுலேலே. நான்கு தந்திகள், சிறு கைக்கு அடங்கும் உடல், குறைந்த விலை. கெரோஞ்சோங் இசைக்கு உயிர்நாடியான கருவியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே ஊரில் கேட்ட பாட்டை உடனே விரலில் கொண்டுவர அச்சிறு கருவி அவனுக்கு உதவியது. பெரிய கலைகள் பலவும் இப்படி எட்டும் உயரத்தில் இருக்கும் எளிய பொருளிலிருந்தே தொடங்குகின்றன.

1941ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் எல்லாம் தலைகீழாயின. டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தன. வானத்தைப் பார்க்கத் தெருவில் கூடி நின்ற மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். டிசம்பர் 19இல் தீவு ஜப்பானியர் வசமாயிற்று. பள்ளிகள் மூடப்பட்டன. ரம்லிக்கு அப்போது வயது பன்னிரண்டு. உரிய காலத்தில் ஏற வேண்டிய வகுப்புகளை அவன் தலைமுறையே இழந்தது. உணவும் மருந்தும் அரிதாகிய மூன்றரை ஆண்டுகள் அவை.

அந்த இடைக்காலத்தில் ஜப்பானியக் கடற்படை நடத்திய பள்ளியில் அவன் சேர்ந்தான். அங்கே ஜப்பானிய மொழியும் ஜப்பானியப் பாட்டும் கற்பிக்கப்பட்டன. ஆட்சி செய்தவர் தம் நோக்கத்திற்காகக் கற்பித்தனர். அச்சிறுவனோ தன் நோக்கத்திற்காகக் கற்றான். கட்டாயத்தின் பேரில் கற்ற பாட்டிலிருந்தும் மெட்டைப் பிரித்தெடுத்துக்கொள்ளும் செவி அவனுக்கு இருந்தது. கெடுகாலத்திலும் கிடைத்ததைக் கல்வியாக்கிக்கொள்ளும் இந்தப் பண்பை, அவன் வாழ்வில் தொடர்ந்து காணலாம்.

1945ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷார் பினாங்கிற்குத் திரும்பினர். பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. பதினாறு வயது இளைஞனாகிவிட்ட ரம்லி பிரீ ஸ்கூலில் படிப்பைத் தொடர்ந்து, 1947 வரை அங்கே மாணவனாக இருந்தான். இந்த இரண்டாண்டுகளே அவன் வாழ்வின் திருப்பம். பகலில் பள்ளி, மற்ற நேரத்தில் இசை. கமாருடின் என்னும் இசையாசிரியரிடம் முறையாகப் பயிலத் தொடங்கியதும் இவ்விளமையில்தான். அவரிடம் வயலின் கற்றான்; இசையை ஏட்டில் எழுதவும் எழுதியதைப் படிக்கவும் கற்றான்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். யுகுலேலேயைக் கேள்வியறிவாலேயே ஒருவன் வாசித்துவிடலாம். வயலின் அப்படிப்பட்டதன்று. கித்தாரிலும் யுகுலேலேயிலும் விரல் பதிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கட்டைகள் உண்டு. வயலினில் அவை இல்லை. விரல் நெல்லிடை விலகினாலும் சுருதி பிசகிவிடும். வில்லைப் பிடிக்கவே பல வாரங்கள் பழக வேண்டும். பந்தாட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்த ஓர் இளைஞன், நாள்தோறும் ஓரிடத்தில் நின்று ஒரே அசைவை நூறு முறை திருப்பிச் செய்திருக்கிறான் என்றால், அவனைப் படிப்பில் நாட்டமற்றவன் என்று எப்படிச் சொல்வது? அவனும் படித்தான். பாடநூல் வேறாக இருந்தது, அவ்வளவே.

இசையை எழுதிப் படிக்கும் பயிற்சியின் பயன் பின்னாளில்தான் விளங்கியது. மெட்டு ஒருவன் மனத்தில் இருக்கும்வரை அது அவனுக்கு மட்டுமே சொந்தம். ஐந்து கோடுகளின்மீது குறித்துவிட்டால், வேறு மொழி பேசும் கலைஞனும் அதனை வாசிப்பான். பல இனத்தார் சேர்ந்து வாசித்த சிங்கப்பூர் இசைக்குழுக்களின் நடுவே ஒரு கிராமத்து இளைஞன் நின்று பிடிக்க முடிந்ததற்குக் குரல்வளம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

தனியே கற்றதைக் கூடிப் பாட அவனுக்கு ஒரு குழு இருந்தது. ஊர் இளைஞர்கள் சேர்ந்து அமைத்த அவ்விசைக்குழுவின் பெயர் ‘தெருனா செகாம்போங்’. ஒரே கிராமத்து இளைஞர்கள் என்பது அதன் பொருள். மேல்நாட்டுப் பாடகர்கள் தம்மை நாட்டுப்புறத்தார் என்று பெருமையோடு சொல்லிக்கொள்வது போல, இவ்விளைஞர்களும் தம் கிராமத்தைப் பெயரிலேயே சுமந்தனர். திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பாடும் இத்தகைய குழுக்களே அன்றைய இளைஞர்க்கு மேடையும் பயிற்சிக்கூடமும் ஆயின. கேட்போர் எழுந்து போகாமல் இருக்கப் பாடுவது எப்படி என்பதை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரே அதனைக் கற்பிப்பவர்.

1947ஆம் ஆண்டில் மலாயா வானொலியின் பினாங்கு நிலையம் நடத்திய பாட்டுப் போட்டியில் ரம்லி முதலிடம் பெற்றான். வட மலாயாவின் நட்சத்திரப் பாடகன் என்னும் சிறப்பு அவனுக்குக் கிட்டியது. வானொலி அந்நாளில் புதுமை மணம் மாறாத சாதனம். காப்பிக் கடையிலும் செல்வர் வீட்டுக் கூடத்திலும் அது ஒன்றுபோலவே பாடியது. பாடுகிறவன் எந்தச் சாலையில் வாழ்கிறான், அவன் தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பதை அது கேட்போருக்குச் சொல்லவில்லை. ஏழை இளைஞனின் குரலுக்கு அது பெரும் சமன்மையை வழங்கியது.

மறு ஆண்டு, 1948இல், பெருநிலக்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் நடந்த விழா ஒன்றில் ரம்லியின் குழு பாடியது. அங்கே அவன் பாடியதைக் கேட்டவருள் ஒருவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்து, 1933இல் ‘லைலா மஜ்னுன்’ என்னும் மலாய்ப் படத்தை இயக்கியவர் அவர். அப்போது ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிறுவனத்திற்காகப் புதிய திறமைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அழைப்பை ஏற்று, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ரம்லி சிங்கப்பூர் சென்றான். வயது பத்தொன்பது. பள்ளி மாணவன் என்னும் நிலை அங்கே முடிந்தது, பி. ரம்லி என்னும் கலைஞர் அங்கே தொடங்கினார்.

அதன் பின் நடந்தவை பலரும் அறிந்தவை. 1948இல் வெளிவந்த ‘சிந்தா’ படத்தில் கதாநாயகனுக்குப் பின்னணி பாடியதோடு, தீயவன் வேடத்தில் நடிக்கவும் செய்தார். 1950இல் தமிழரான எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ படத்தில் முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் எஸ். இராமநாதன், பி. என். ராவ், பானி மஜும்தார் முதலிய இந்திய இயக்குநர்களின் கீழ் வேலை செய்தவாறே அவர்களுடைய தொழிலைக் கூர்ந்து கவனித்தார். 1955இல், தமது 26ஆம் வயதில், ‘பெனாரெக் பேச்சா’ படத்தைத் தாமே இயக்கினார். மிதிரிக்‌ஷாக்காரன் ஒருவனின் கதை அது. இளமையில் பினாங்கில் புனைந்த ‘அசிசா’ பாடல் அப்படத்தில் இடம்பெற்றது. ‘ஹங் துவா’ படத்தின் இசைக்காக 1956இல் ஹாங்காங்கிலும், ‘அனாக்கு சசாலி’ படத்தில் நடித்தமைக்காக 1957இல் தோக்கியோவிலும், ஆசியத் திரைப்பட விழாப் பரிசுகளைப் பெற்றார். நடித்த படங்கள் 66, இயக்கியவை 34.

இப்போது பழைய வழக்கிற்குத் திரும்பலாம். படிப்பா, பாட்டா? இந்தக் கேள்விக்குத் தமிழர் தம் சொந்த வரலாற்றிலிருந்தும் ஒரு விடையைக் கண்டதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் சிறுவர் நாடகக் குழுக்கள் பல இயங்கின. ‘பாய்ஸ் கம்பெனி’ என்று மக்கள் அவற்றை அழைத்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய குழுவில் தி. க. சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே இத்தகைய குழுக்களுக்குச் சென்றவர்களே. அங்கே பாட்டும் வசனமும் கண்டிப்போடு கற்பிக்கப்பட்டன, பெருங்கலைஞர்கள் உருவாயினர். எனினும் அதற்குக் கொடுத்த விலை பள்ளிக்கூடம். குரல் உடையும் பருவம் வந்தபின் பாடும் வாய்ப்பை இழந்த சிறுவர்க்கு, திரும்பிச் செல்ல ஒரு வகுப்பறையும் இல்லை. வென்றவர் பெயர்கள் நூல்களில் உள்ளன. தோற்றவர் பெயர்களை யார் எழுதினார்?

மேல்நாட்டில் வேறொரு முறையைக் காணலாம். அமெரிக்காவின் நாட்டுப்புற இசையுலகில் பள்ளி வயதினர் புகழ் பெறுவது புதிதன்று. தான்யா டக்கர் 1972இல் தமது பதின்மூன்றாம் வயதிலேயே ஒரு பாடலால் நாடறியப் பெற்றார். 2006இல் பதினாறு வயதில் முதல் இசைத்தட்டை வெளியிட்ட டெய்லர் சுவிப்ட், பள்ளிப் படிப்பை வீட்டில் இருந்தபடியே முடித்தவர். மகளின் இசைக்காகக் குடும்பமே பென்சில்வேனியாவிலிருந்து நாஷ்வில் நகர்ப்புறத்திற்குக் குடிபெயர்ந்தது. அங்கே இசை ஒரு பெருந்தொழில். பெற்றோரின் செல்வமும் நிறுவனங்களின் முதலும் ஒரு சிறுமியின் குரலின் பின்னே திரண்டு நிற்க முடிந்தது. சாதாரணக் குடும்பங்கள் அந்த வழியைப் பின்பற்றுதல் இயலாது.

பினாங்குச் சிறுவனின் வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அவன் பாட்டுக்காகப் பள்ளியைத் துறந்து குழந்தையிலேயே ஓடியவன் அல்லன். போர் வகுப்புகளை மூடியபின்பும், கதவு திறந்ததும் வயது மீறிய மாணவனாகத் திரும்பிச் சென்று அமர்ந்தவன். பாட்டுக்காக வீட்டையே பெயர்த்துச் செல்லும் வசதியும் அவனுக்கு இருந்ததில்லை. நடந்து செல்லும் தொலைவில் அவனுக்கு எல்லாம் கிட்டின. கைக்கு எட்டிய ஒரு கருவி, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர், உடன் பாட ஊர் நண்பர்கள், தகுதியை மட்டும் பார்த்த ஒரு போட்டி மேடை. இந்நான்கையும் ஒரு சிற்றூர் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தது. அதுவே அவன் கதையின் மையம். “ரம்லி படிக்காமலே உயர்ந்தார்” என்று சொல்லும் மகன் மறந்துவிடுவது, அவர் நாள்தோறும் பயின்ற அந்த மணிநேரங்களை. யுகுலேலேயில் தொடங்கி வயலினுக்குச் செல்லாமல் நின்றுவிட்ட இளைஞர்கள் அவர் கிராமத்தில் பலர் இருந்திருப்பர்.

தந்தையின் கேள்விக்கும் விடை வேண்டும். “கடைசியில் என்ன ஆயிற்று?” என்று கேட்கும் தந்தை பொய் சொல்லவில்லை. இசைக்காரனுக்குச் சமுதாயம் கொடுக்கும் இடம் எத்தகையது என்பதை ரம்லியைப் போல் அறிந்தவர் இல்லை. 1960இல் அவர் இயக்கிய ‘அந்தாரா டுவா தார்ஜாட்’ படத்தில், எளிய குடியில் பிறந்த இசைக்கலைஞன் உயர்குலப் பெண்ணை நேசித்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்படுகிறான். 1962இல் இயக்கிய ‘இபு மெர்துவாகு’ படத்தில், செல்வச் சீமாட்டி ஒருத்தி தன் மகள் மணக்க விரும்பும் இளைஞன் இசைக்காரன் என்று அறிந்ததும் வெகுண்டெழுகிறாள். மணமான இளம் தம்பதியர் பினாங்கிற்கு வந்து வறுமையில் வாடுகின்றனர். அவ்வறுமைக்கு வேறு எத்தனையோ ஊர்கள் இருக்க, தாம் பாடிப் பழகிய ஊரையே அவர் களமாக்கினார். வானொலியில் அவன் இசையைக் கேட்டு உருகும் சமுதாயமே, அவனை மருமகனாக ஏற்க மறுக்கும் சமுதாயமாகவும் இருப்பதை, இப்படம் சிரிக்க வைத்தும் அழ வைத்தும் காட்டியது.

படத்தில் சொன்னதை வாழ்விலும் அவர் கண்டார். 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றினார். காலம் மாறியிருந்தது. மேல்நாட்டு இளைஞர் இசை அலை மோதியது. வண்ணப் படங்கள் வெளியிலிருந்து வந்தன. அவருடைய புதிய படங்கள் முன்போல் ஓடவில்லை. புதிய முயற்சிகளுக்கு ஆதரவு கிட்டவில்லை. ‘லக்சமானா டோ ரே மி’ 1972இல் வெளிவந்தது. அதுவே அவருடைய கடைசிப் படம். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 44. செல்வம் என்று சொல்லத்தக்க எதனையும் அவர் சேர்த்து வைத்திருக்கவில்லை.

சிறப்புகள் பின்னர் வந்தன. 1982இல் கோலாலம்பூரின் முக்கியச் சாலை ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1986இல் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாயிற்று. 1990இல் ‘டான் ஸ்ரீ’ விருது அளிக்கப்பட்டது. அதனை நெஞ்சில் அணிந்துகொள்ள அவர் இல்லை. வாழும் கலைஞனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தயங்கும் சமுதாயம், மறைந்த கலைஞனுக்குச் சாலையைக் கொடுக்கத் தயங்குவதில்லை. தந்தையின் அச்சம் இங்கேதான் வேர்கொண்டிருக்கிறது. அவர் பாட்டை வெறுப்பதால் பாட்டைத் தடுப்பதில்லை. பாடும் மகனை நாளை யார் காப்பார் என்று அறியாததால் தடுக்கிறார். அந்த அச்சத்தைப் பழைமை என்று இகழ்வது எளிது. அதனை நீக்குவதே கடினம்.

நீக்கும் வழி அறிவுரையில் இல்லை. பாடும் பிள்ளையின் கையில் ஒரு தொழிலையும் ஒரு சான்றிதழையும் சேர்த்துக் கொடுப்பது பெற்றோர் கடமை. அவன் பாட்டுக்கு ஆசிரியரையும் மேடையையும் கொடுப்பது ஊரின் கடமை. வளர்ந்த பின் அவன் உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் கொடுப்பது, கேட்டு மகிழ்வோர் அனைவரின் கடமை. முதற்கடமையைப் பெற்றோர் ஓரளவு செய்துவிடுகின்றனர். மற்ற இரண்டும் கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன. கோயில் திருவிழாவில் பாடிய மாணவனுக்குப் பொன்னாடை போர்த்துவோர், அவனுக்கு வாரம் ஒருமுறை பாடம் சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்த முன்வருவது அரிது. பொன்னாடையின் விலையும் சில வாரப் பாடத்தின் கட்டணமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் ஏதோ ஒரு வகுப்பறையில், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டெழுதிக்கொண்டிருக்கும் மாணவனோ மாணவியோ இன்றும் இருக்கக்கூடும். ஆசிரியர் அந்தப் பக்கத்தைக் கண்டால் என்ன செய்வார் என்பதில் ஒரு வாழ்வின் திசை அடங்கியுள்ளது. கிழித்தெறிந்தால் அப்பிள்ளை ஒளிந்து எழுதக் கற்றுக்கொள்ளும். கணக்கை மறந்து பாராட்டினால் கணக்கு வராமலே போய்விடும். “கணக்கை முடித்துவிட்டு வா, மாலையில் இதைப் பாடிப் பார்ப்போம்” என்று சொல்லும் ஆசிரியர், கமாருடின் அன்று செய்த பணியைச் செய்தவர் ஆவார்.

ஜாலான் பி. ரம்லியில் உள்ள அந்த மரவீட்டின் சன்னல்கள் அகலமானவை அல்ல. ஆயினும் அவற்றின் வழியே ஊரின் எல்லாப் பாட்டுகளும் உள்ளே வந்து சேர்ந்தன. உள்ளே இருந்த சிறுவன் அவற்றைக் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் பயின்றான். மறுநாள் காலையில் பள்ளிக்கும் சென்றான்.